ஒன்றரை மில்லி

களியலிலிருந்து நேசையன் கொண்டுவந்த
முன்னூற்றிப் பதினைந்து ரைஃபிளில்
பழுதென்று ஒன்றும் இல்லை.
போல்ட்டை இழுத்துத் தள்ளினேன்,
முனகாமல் போய் உட்கார்ந்தது.
"பழுது எனக்காக்கும் ஓய்" என்றார்.
"பின்குறியப் பாத்தா முன்குறி மங்குது.
முன்குறியப் பாத்தா பன்னி மங்குது.
பன்னியப் பாத்தா
கையில துப்பாக்கியே இல்லாத்த மாதிரி."

ஐம்பத்தெட்டு வயது.
கண்ணாடி போட்டால் கன்னம் கட்டையில் படியாது.
தொலைநோக்கி மாட்டலாம்தான்,
மழைக்கால ரப்பர் தோட்டத்தில் அது
ஆவி படிந்த கஞ்சிக் குவளை.

பழைய இலைக்குறியைக் கழற்றினேன்.
குழல் முழுக்கத் தேய்ந்து வெளிறியிருக்க
அதன் அடியில் மட்டும்
கடையில் வாங்கிய நாளின் நீலம்.

குறி இனிமேல் பின்னுக்கு வரவேண்டும்,
போல்ட் ஓடும் பாலத்தின் மேல், கண்ணுக்கு அருகே.
இரண்டு துளை, அவ்வளவுதான் வேலை.
இரும்பு ஒப்பவில்லை.
முதல் பிட் வழுக்கியது. இரண்டாவது ஒடிந்தது.
தோல்தான் கெட்டி, உள்ளே சாது என்று தெரியும்;
தெரிந்தும் இரண்டு பிட் போச்சு.
கல்வைத்துத் தோலை உரசிவிட்டு
கார்பைடை மெல்ல இறக்கினேன்.
பிறகு மரைவெட்டி:
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
மேசையில் சோற்றுப்பொதி விறைக்கும்வரை.

வட்டு, சட்டைப் பொத்தான் அளவு.
நடுவில் ஒன்றரை மில்லி துவாரம்.
"இத எப்படிப் பாக்கணும்?"
"அதப் பாக்காண்டாம். அதுவழியாப் பாரும்.
கண்ணு தன்னால நடுவுக்குப் போவும்."

தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்து
சுவர்ப்பக்கம் திரும்பித் தோளில் வைத்தார்.
நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு வேதம் வாசிக்கும் குரலில்:
"திங்கள். எமகண்டம் பத்தரை முதல் பன்னிரண்டு."
கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது.

பின்குறி ஏறியதால் முன்குறியும் ஏறவேண்டும்.
புதுத்தகட்டை வேண்டுமென்றே உயரமாய் விட்டேன்.
சுட்டுப் பார்த்துத்தான் அராவ வேண்டும்.
முன்குறி தாழ்ந்தால் குண்டு ஏறும்;
சொன்னால் யாரும் நம்புவதில்லை.

சனிக்கிழமை கிளப்பில் சுட நேரம் வாங்கினோம்.
வெள்ளிக்கிழமை தேர்தலை அறிவித்தார்கள்.
லைசன்ஸ்காரரெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு.
ரசீதில் எழுதியது:
ரைஃபிள் ஒன்று, தோல்வார் ஒன்று.
வட்டைப் பற்றி ஏட்டுக்குத் தெரியாது.
வரும்வழியிலேயே திருகிக் கழற்றியிருந்தார்.

இரண்டு மாதம்.
பன்னிகள் கீழ்வயலில்
மரச்சீனி ஒரு மூடு பாக்கி வைக்கவில்லை.
நேசையன் வெளிச்சம் பார்த்து நின்று
ரப்பர் ஷீட் விற்ற சீட்டை வட்டுவழி வாசித்தார்.
மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வாசித்தார்.
ஞாயிறு ஆராதனையில் ஒரு கண்ணை மூடி
மறுகண்ணில் இரும்பை வைத்து
பாட்டுப்புத்தகத்தைச் சுட்டுக்கொண்டிருந்தாராம்.
போதகர் தனியே கூப்பிட்டு
வீட்டில் எல்லாம் சுகமா என்று கேட்டாராம்.

எண்ணி முடித்தார்கள், எவரோ ஜெயித்தார்.
துப்பாக்கி களியலுக்குத் திரும்பிவிட்டது.
முன்குறி இன்னும் அரைமில்லி கூடுதல்,
இப்போது சுட்டால் பன்னியின் காலடி மண்தான் தெறிக்கும்.
அரத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.
அவர் வரவில்லை, ஆள் வந்தான்.
இன்னொரு வட்டு வேண்டுமாம்,
துவாரம் கொஞ்சம் சின்னதாய்.
ரோசிலிக்கு.
ஊசியில் நூல் கோர்க்க.