உப்பு விழுவதற்கு முன்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
ஒஷாவா நகரசபை இட்ட உப்பை
இந்தக் கார் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது,
கதவுக்குக் கீழே, சில்லு வளைவுக்குள்,
தொட்டால் அப்பளம்போல் உதிரும் துருவாக.

தொண்ணூறாம் ஆண்டு நிசான். இரட்டை டர்போ.
எனக்கு முதல் வைத்திருந்தவர்
பனிக்காலத்திலும் ஓட்டியிருக்கிறார். நான் மன்னிக்கவில்லை.
பொனற்றைத் திறந்தால்
ஒரு விரல் நுழைய இடமில்லை.
கையில்லாதவன் கீறின இஞ்சின் என்பான் கஜானன்.

போன கிழமையிலிருந்து ஆறு சிலிண்டரில் ஒன்று பேசவில்லை.
சிவப்பு விளக்கில் நின்றால்
விக்கல் எடுத்தவன்போல் உடம்பெல்லாம் குலுக்கம்.
தொலைபேசியில் சத்தத்தைக் கேட்டே
"இன்ஜெக்டர்" என்றான் கஜானன்.
அதே சத்தத்தை வேறோர் அழைப்பில் கேட்டு
"இன்ஜெக்டர்தான்" என்றான் அருள்வேந்தன்.
இருவரையும் ஞாயிறு வரச்சொன்னேன்.
மற்றவனும் வருகிறான் என்பதை
இருவருக்கும் சொல்லவில்லை.

மார்ச்சில் ஏதோ கலியாண மண்டபக் காசு.
யார் யாருக்கு எவ்வளவு,
எனக்கே இப்போது கணக்குப் பிடிபடுவதில்லை.
எட்டு மாதம்.

பக்கத்து வீட்டு டேல் ஹீட்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.
இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் கதவு பொருத்தியவர்.
கதவில் பிழை என்றால் கூப்பிடு,
மற்றது எனக்குத் தெரியாது என்று சொல்லிப் போய்விட்டார்.

பத்தாம் நம்பர் சொக்கற் என்று கஜானன் காற்றிடம் கேட்பான்.
அருள்வேந்தன் அதை எடுத்து என்னிடம் தருவான்.
நான் அரை அடி நகர்ந்து கொடுப்பேன்.
இப்படியே காற்றுப்பெட்டியைக் கழற்றினோம்,
பெயர் எழுதி ஒட்டிய குழாய்களைக் கழற்றினோம்,
முப்பது வருட வெப்பத்தில் பிஸ்கட்டாகிப்போன
பிளாஸ்டிக் பூட்டுகளை உடைத்துவிட்டுக் கழற்றினோம் என்றோம்.

பிறகு நான்தான், மரத்துப்போன என் விரல்தான்,
ஓர் ஆணியை நழுவவிட்டது.
டிங். டிங்.
மூன்றாவது சத்தம் வரவில்லை.

இஞ்சினுக்குள் விழுந்த ஆணியின் மௌனம் இருக்கிறதே,
அதற்கு மூவாயிரம் டொலர்.

லக்சிகா, அதுவரை போர்வைக்குள் இருந்து
எங்கள் தேநீரையும் குடித்துக்கொண்டிருந்தவள்,
பல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து
நீண்ட காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்தாள்.
"வாயைத் திறக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

அந்தப் பக்கம் கஜானன், கண்ணாடியும் டோர்ச்சும்.
இந்தப் பக்கம் அருள்வேந்தன், காந்தக் கம்பி.
நடுவில் என்னால் நுழைய முடியவில்லை.
கண்ணாடியில் ஆணி தெரிகிறது கஜானனுக்கு;
கம்பி இருப்பதோ மற்றவன் கையில்.

"வலம்."
யாரையும் பார்க்காமல்தான் சொன்னான்.
கம்பி நகர்ந்தது.
"வலமெண்டனான்."
"வலந்தானே போறன்."
"உன்ர வலமில்லையடா, என்ர வலம்!"
"உன்ர வலம் எனக்கு இடம். கண்ணாடிக்கை அதுவும் மாறும். ஒழுங்காச் சொல்லு."
"ஆட்டாதை. ஆட்டாதை. அப்பிடியே தூக்கு."

நான் மூச்சு விட்டேனா, ஞாபகமில்லை.
கம்பி நுனியில் எறும்பு அரிசியைத் தூக்குவதுபோல்
ஆணி வந்தது.
அருள்வேந்தன் அதை என்னிடம் தரவில்லை.
நேரே நீட்டினான். கஜானன் வாங்கித் துடைத்தான்.
பிறகு இருவரும் சேர்ந்து
என்னைத் திட்டத் தொடங்கினார்கள்,
நிறுத்தவேயில்லை.

நள்ளிரவு ஒன்று நாற்பதுக்குச் சாவியைத் திருப்பினேன்.
ஒரு இருமல். பிறகு ஆறும் பேசின.
ஒன்றின் பேச்சை ஒன்று வெட்டாமல்,
தாழ்ந்த குரலில், சீராக.
டேல் வீட்டில் மேல்மாடி விளக்கு எரிந்தது;
திட்டப்போகிறார் என்று பார்த்தால் கட்டைவிரலைக் காட்டினார்.

ஒரு சுற்று, சிம்கோ வீதி வரைக்கும்தான் என்று
கராஜ் கதவைத் தூக்கினோம்.

மஞ்சள் விளக்குச் சுழல
லொறி அப்போதுதான் வளைவில் திரும்பிப்போகிறது.
வீதி முழுக்கக் கல்லுப்பு.
பனி இன்னும் ஒரு பொட்டும் விழவில்லை.

நால்வரும் வாசலில் நின்று பார்த்தோம்.
"ஏப்ரல்" என்றான் ஒருவன்.
"ஏப்ரல்" என்றான் மற்றவன்.

இஞ்சினை நிறுத்திப் போர்வையை இழுத்து மூடும்போது
தட்டைக் காட்டிக் கேட்டாள் லக்சிகா:
இந்த ஓர் ஆணி
எங்கே பூட்டுறது?