நிமிடத்துக்கு இருநூற்றெண்பது

முதல் எட்டு பார் தாண்டுவதற்குள்
விழுந்துவிடுகிறேன்.
எந்த இடம் என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுவேன்:
ஆறாவது பார், மூன்றாம் தட்டு.
பல்லடம் ரோட்டு ஸ்பீடு பிரேக்கர் மாதிரி
தெரிந்தே தூக்கிப் போடுகிற இடம்.
கார்டு மாறுவதற்கு எங்கள் பாஷையில் சேஞ்ச்.
அதுதான் என்னிடம் இல்லை.

கோவை கணபதியில், டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே
ஞாயிற்றுக்கிழமை அறை.
பேஸ் கிதாரில் மார்ட்டின், டிரம்ஸில் ஹெப்சிபா.
நான் விழுந்தால் அவர்கள் நிற்பதில்லை.
ரன்னிங்கில் ஏறத் தெரிந்தவன் ஏறிக்கொள்ளட்டும் என்று
பாட்டு போய்க்கொண்டே இருக்கும்.
"வந்து சேந்துக்குங்க" என்பாள்
குச்சியை நிறுத்தாமல்.

வார நாளெல்லாம் திருப்பூரில்
கம்பெனி குடோனில்,
பனியன் துணி ரோல்களுக்கு நடுவே சாக்ஸபோன்.
துணி எதிரொலியைக் குடித்துவிடும்.
ஊதியது ஊதியபடியே கேட்கும்,
மன்னிப்பே இல்லாமல்.
ஒரு பாருக்கு இரண்டு கார்டு.
இந்த வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள்
அடுத்த வீட்டில் இலை போட்டாயிற்று.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல் மனப்பாடம்,
நோட்டில் கட்டம் கட்டி, பச்சையில், சிவப்பில்.
மெட்ரோனோம் நூற்றிருபதில் நின்றால்
எல்லாம் தெரிந்தவன் நான்.
இருநூறில் கொஞ்சம் பொய் சொல்வேன்.
இருநூற்றெண்பதில்
செய்யுள் மறந்துபோய்
பெஞ்சு மேல் நிற்கிற பையன்.

எட்டு மணிக்கு நைட் ஷிப்ட்.
பதினோராம் நம்பர் மிஷின், தொண்ணூற்றாறு கோன்.
தீரப்போகும் கோனின் வாலை
புதுக் கோனின் தலையோடு
முடிந்துகொண்டே வருகிறான் பிகாஷ்.
மிஷின் நிற்காது. நிற்கவும் கூடாது.
ஒரு கோன் தீர்ந்து இன்னொன்று தொடங்கியது
துணிக்குத் தெரியாது.

எட்டு வருஷமாக இதே ஷெட்டில் ஃபிட்டர் நான்.
அன்றைக்குத்தான்
ஸ்பேனரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

டி செவனின் வால், சி.
அடுத்து வரும் ஜி-யின் தலை, பி.
நடுவிரலை எடுத்து ஆள்காட்டி விரலை வைத்தால்
தீர்ந்தது வேலை.
அரை ஸ்வரம்.
நான் அங்கே சுவரேறிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

பிகாஷிடம் சொன்னேன், பாதி புரிந்திருக்கும்.
"முடிச்சு பெருசா போட்டா ஊசி ஒடையும் பாய்"
என்று அடுத்த கோனுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை
ஸ்கேல் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.
ஒரு கார்டுக்கு ஒரே ஒரு ஸ்வரம்.
வால், தலை. வால், தலை.
கேட்க ஒன்றும் பிரமாதமில்லை,
தந்தி அடிக்கிறவன் வார்த்தைக்குக் காசு எண்ணுவது போல.
ஆறாவது பார் வந்தது.
போனது.
முப்பத்திரண்டும் முடிந்து ஆரம்பத்துக்குத் திரும்பினால்
நான் இன்னும் பஸ்ஸுக்குள் இருக்கிறேன்!

ஆசை யாரை விட்டது.
இரண்டாம் சுற்றில் கூட நாலு ஸ்வரம் சேர்த்தேன்,
முடிச்சு பெரிதாகிவிட்டது.
பதினாலாவது பாரில் விழுந்தேன்.
மார்ட்டின் கண்ணைத் திறக்கவில்லை.
ஹெப்சிபாதான் சிரித்தாள்:
"இது புது எடமுங்க."

திரும்பும் பஸ்ஸில், அவிநாசி தாண்டி,
ஜன்னல் கம்பியில் விரல் மாற்றிக்கொண்டிருந்தேன்,
நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பார்த்துக் கண்டக்டர்
"சேஞ்ச் இல்லீங்களா?" என்றார்.

"பழகீட்டு இருக்கறனுங்க" என்றேன்.