நிறுத்தத்துக்கான காரணம்

காலை ஏழிலிருந்து நாற்பத்தொரு பெட்டி.
உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி ஹோட்டல்கள்,
டவுனுக்குத் திரும்ப ஒன்றே முக்கால்.

கோட்டை வாசலடியில் வேனை ஓரங்கட்டுகிறேன்.
உடனே போன் கேட்கிறது:
ஏன் நிற்கிறீர்கள்?
டயர். பொலிஸ். மழை. வேறு.
சோறு என்று ஒரு பொத்தான் இல்லை.

எனக்கு அரை மணித்தியாலம் உண்டு,
கடதாசியில்.
துவாரகனுக்கு அதுவும் இல்லை.
ஆடி ஆவணிக்கென்று எடுத்த பொடியன்,
சோதனை மறுமொழி வரும்வரை பெட்டி தூக்குகிறான்.
பார்சலைப் பிரித்து
சூடைப் பொரியலை அவன் பக்கம் தள்ளுகிறேன்.
முள்ளோடு மெல்லுகிறான், பின்கதவில் குந்தியபடி.

'வேறு' என்பதை அமர்த்தி
வீதியில் மான் என்று எழுதுகிறேன்.
முழுப்பொய் இல்லை.
புள்ளிமான் ஒன்று வந்து
எங்கள் லஞ்ச் சீற்றை மணந்து பார்க்கிறது,
பருப்பு பிடிக்கவில்லைபோல.

பதினோராவது நிமிடம் ஒப்பீஸ்.
"இண்டைக்கும் மானோ, நௌபர்?"
"ஓம் சேர்."
"எத்தினை?"
"ரெண்டு.
ஒண்டு சீசனுக்கு வந்தது."

துவாரகனுக்குப் புரையேறுகிறது.
தண்ணீர்ப் போத்தல் உள்ளே,
மூதூர்ப் பெட்டிகளுக்கு அடியில்.