மிதக்கும் முனை

வால்டிவியாவில் மழை
எட்டு மாதம் பெய்யும்; மீதி நான்கு மாதம்
பெய்யலாமா என்று யோசிக்கும்.
எங்கள் இரண்டு துறைகளுக்கும் நடுவே
கூரையில்லாமல் நூற்று நாற்பது அடி.
காலையில் மின்னணுவியல், மதியம் கணினி.
குடை எப்போதும் மற்றக் கட்டடத்தில் இருக்கும்.

அங்கே பூஜ்யம் ஓர் எண்.
எண்ணத் தொடங்குவதே அதிலிருந்துதான்.
இங்கே பூஜ்யம் ஓர் இடம்.
கறுப்புக் கம்பியைக் கொண்டுபோய்
எதில் முடிச்சிடுகிறோமோ, அது.
இதைச் சொன்னபோது எஃப்ரைன் சிரித்தான்:
"நீ எந்த ஊர்க்காரி, முதலில் அதைச் சொல்."

மூன்றாமாண்டுத் திட்டப்பணி.
மீன்சந்தைக்குக் கீழே, படகுத்துறையின் கடைசித் தூணில்
ஆற்றின் மட்டம் பார்க்கும் பெட்டி.
தண்ணீர் ஏறினால் மிதவை சுவிட்சைத் தட்டும்,
சங்கு ஊதும். அவ்வளவுதான் வேலை.
நாலு நாள் சமத்தாக இருந்தது.
ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்று பத்துக்கு ஊதியது.
வெள்ளமில்லை.
ஆறாம் நாளும் மூன்று பத்து.
ஏழாம் நாள் போய்ப் பார்த்தால்
மீன்காரி எதுவினா பெட்டியின்மேல்
ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்தாள்.
"கடல்சிங்கங்களுக்குப் பழகிவிட்டது," என்றாள்,
"எனக்குப் பழகாது."

நிரல் எழுதிய மில்லாரை
கம்பியில் கோளாறு என்றாள்.
பலகை செய்த எஃப்ரைன்
நிரலில் கோளாறு என்றான்.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
வாக்குச்சீட்டைப் பார்ப்பதுபோல.

எட்டாம் இரவு அதே சாக்கில் உட்கார்ந்தேன்.
மடியில் கணினி, பக்கத்தில்
கடன் வாங்கிய அலைகாட்டி,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே நெகிழித் தாள்.
எனக்கு இல்லை.
மூன்று ஒன்பது. ஆறு தன்பாட்டுக்குக் கறுப்பாக.
மூன்று பத்து.
மேல்தெரு ரொட்டிக்கடையில்
புதிதாக வாங்கிய மாவு பிசையும் இயந்திரம்
உறுமத் தொடங்கியது.
திரையில் ஒரு முள்.
பிறகு முட்புதர்.

சுவிட்ச் திறந்து கிடக்கையில்
அந்த நீளக் கம்பியின் முனையை
எதனோடும் நாங்கள் கட்டியிருக்கவில்லை.
கட்டாத முனையில் என்ன இருக்கும்?
பூஜ்யமும் இல்லை.
ஒன்றும் இல்லை.
பக்கத்தில் எது உறுமுகிறதோ
அதுவாகிவிடும்.
நிரலோ ஒரேயொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு
ஊரையே எழுப்பிவிடும்.

பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு:
நெல்மணியளவு ஒரு மின்தடை.
கூடவே மூன்று வரி.
ஐம்பது மில்லிநொடி பொறு,
மறுபடி பார்,
அப்போதும் அப்படியே இருந்தால் கத்து.
எதை முதலில் திருத்தினாய் என்று
மில்லாரை இரண்டு தடவை கேட்டாள்.
விரலில் ஈயம் சுட்ட இடத்தை
ஊதிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் நேர்காணல்.
சாந்தியாகோவிலிருந்து வந்தவர்
மழையில் மங்கிய கண்ணாடியைத் துடைத்தபடி,
"ரெண்டும் படிச்சிருக்கீங்க. நீங்க எது?"
என்று கேட்டார்.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
அவர் பேனா ஒன்றின்மேல் நின்றது,
நகர்ந்து மற்றதன்மேல் நின்றது.
என்னிடம் தயாராக ஒரு விடை இருந்தது,
கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தது.
வாயைத் திறந்தால் சாக்கு வந்தது, சங்கு வந்தது,
எதுவினாவின் வசவில் பாதி வந்தது.
ரொட்டிக்கடைக்கு வந்தபோது
அவர் பேனாவை மூடிவிட்டிருந்தார்.
போச்சு என்று நினைத்தேன்.
நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டார்:
"அந்தக் கம்பி எத்தனை மீட்டர்?"

ஆறு, என்றேன்.