கோப்பு எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை

உதவி எண்ணில் இருக்கும் பெண்ணுக்கு அன்று விடுப்பு.
செட்டிகுளம் ஜங்ஷன், மூன்றாம் மாடி,
மணி அடித்தது எனக்கு.
"வேர்க்கிளம்பியில இருந்து றோஸ்லெட் பேசுதேன்.
எனக்க படத்த ஒங்க கம்ப்யூட்டர் தின்னுட்டு."

ஏத்தன், நூற்றி நாற்பது மூடு,
பாட்டத்துக்கு எடுத்த வயல்,
குலை தள்ளிப் பதினைந்து நாள்.
காற்று ஒரே பக்கமாய்ச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது.

விழுந்த வாழையோடு விவசாயியும் படத்தில் நிற்க வேண்டும்,
அது விதி.
நின்றாள்.
மருந்தடிக்க வந்த பையன்
படிவத்தில் இருந்த கேமராவைத் தொட்டு
அங்கேயே எடுத்தான்,
போனில் தங்காது என்று இருவருக்கும் தெரியாது.
பெயர், அப்பா பெயர், ஆதார், வங்கிக் கணக்கு,
சர்வே எண் 214/3.
அனுப்பு.

பக்கம் திரும்பி வந்தது, ஒரு சிவப்பு வரியோடு:
எண்கள் மட்டுமே அனுமதி.

அந்தச் சாய்கோடு
அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது விழுந்தது.
தாலுகா ஆபீஸ் ஒத்துக்கொண்டது,
வங்கி ஒத்துக்கொண்டது.
ஒத்துக்கொள்ளாதவன் நான்,
போன ஆவணியில்
ஆறரை மணி பஸ்சுக்கு ஓடும் அவசரத்தில்
அந்த ஒரு வரியை எழுதிவிட்டு இறங்கியவன்.

"எழுதினதெல்லாம் அப்படியே இருந்து.
அப்பா பேருல நான் விட்ட புள்ளி கூட
விட்ட மாதிரியே இருந்து.
படம் மட்டும் இல்ல."
அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில்
கோப்பு எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை.
"தேர்ந்தெடுத்தேனே சாரே."

சொற்களைத் திருப்பிக் கொடுக்கலாம்,
படத்தைத் தானாகத் திருப்பி வைக்க
எந்தப் பக்கத்துக்கும் உரிமை இல்லை.
அடுத்தவர் போனுக்குள் கைவிடக் கூடாதென்ற
நல்ல சட்டம்தான் அது.
அதனால் வந்த படத்தை வந்த உடனே
ஓரமாய் வாங்கி வைத்து
ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு
அப்புறம்தான் குற்றம் பார்க்க வேண்டும்.
நாங்கள் குற்றம் பார்த்தோம் முதலில்.

இதில் எதையும் நான் சொல்லவில்லை.
"மறுபடி எடுத்து ஏத்துங்கம்மா" என்றேன்.

"எத எடுக்க?"

வெட்டி மாற்றியாயிற்றாம்.
தண்டு மாட்டுக்கு.
பிஞ்சுக் குலையை மார்த்தாண்டம் சந்தையில்
யாரும் விலை கேட்கவில்லை.
"இப்ப எடுத்தா சுத்தமான வயல்தான் விழும்.
அதுக்கு பைசா உண்டா?"
பிறகு, குரல் தாழ்ந்து,
"கோட்ட எடுத்துட்டு 2143-ன்னு போட்டும் பாத்தேன்.
அது பள்ளிக்கூடத்துக்க நம்பராக்கும்.
மனசு கேக்கல."

போனை வைத்துவிட்டு சர்வருக்குள் தேடினேன்.
பதிவேட்டில் ஒரு வரி கிடந்தது:
செவ்வாய், 4.52, படம், மூன்று எம்.பி.
ஒற்றைக் கம்பி சிக்னலில்,
மழையில்,
நான்கு நிமிடம் ஊர்ந்து
முழுசாய் வந்து சேர்ந்திருக்கிறது.
எட்டு விநாடி எங்களிடம் இருந்திருக்கிறது.
அவள் முகத்தை, சாய்ந்த குலைகளை
யாரும் பார்க்கவில்லை.
அழி என்று நான்தான் எழுதியிருந்தேன்,
இடம் மிச்சமாகும் என்று.

அன்று ஆறரை பஸ்சை விட்டேன்.
சாய்கோட்டுக்கு வழி திறந்தேன்.
படங்களுக்குப் பத்து நாள் தவணை போட்டேன்.
சோதிக்க ஒரு படம் வேண்டுமே,
மேசையில் இருந்த டீ கிளாஸை எடுத்தேன்.
பெயர் றோஸ்லெட்,
பின்கோடில் வேண்டுமென்றே ஒரு இலக்கம் குறைத்து
அனுப்பு.

சிவப்பாய்த் திரும்பி வந்தது பக்கம்.
டீ கிளாஸ் கட்டைவிரல் அளவில்
இருந்த இடத்திலேயே இருந்தது.
பதினோரு முறை தப்பாய் அனுப்பினேன்.
பதினோரு முறையும் இருந்தது.

மறுநாள் மேலதிகாரி கேட்டார்,
எத்தனை பேருக்கு இப்படி ஆயிற்று என்று.
திரும்பிப் போன படிவங்களுக்கு
நாங்கள் எண் கொடுப்பதில்லை.
போன் செய்தவள் ஒருத்தி.
அவள் எண் மட்டும்
காலண்டர் தாளின் பின்பக்கம் இருக்கிறது,
கூப்பிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல்
இன்னும் கிழிக்காமல்.