நீர்மாலை: ஐந்தரை முதல் ஆறேகால் வரை

முதலில் டாக்டர் சீட்டு.
அதில்லாமல் ஒன்றும் நகராது என்றாள் காம்ப்ளே அக்கா,
போன வருஷம் மாமனாரை அனுப்பியவள்.
ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து வந்த டாக்டர்
அண்ணனின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
அந்தக் கண்ணுக்குள் எங்கள் வீட்டு டியூப்லைட்.

அப்புறம் ஐஸ் பெட்டி.
எந்த மாடி என்றார் பெட்டிக்காரர்.
ஏழு, லிஃப்டில் நுழையாது என்றதும்
வாடகையில் முந்நூறு ஏறியது.
மஸ்கட்டிலிருந்து மகன் வர
காலை பத்தாகும், விமானம் ஒழுங்காய் வந்தால்.
அதுவரை குளிருக்குள் கிடக்க வேண்டும்,
ஃபேனை இரண்டில் வைத்தால்
போர்வை தேடுகிற ஆள்.

சயான் மயானத்து ஆபீஸில்
நாளை பன்னிரண்டரைக்கு இடம் சொன்னார்கள்.
விறகா கரண்டா?
கரண்ட் என்றேன்.
படிவத்தில் மூன்று கட்டம்:
பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர்.
எஸ். முத்து என்று எழுதிக் கொடுத்தேன்.
எஸ் என்றால்?
கிளார்க்கின் பேனா அந்தரத்தில் நின்றது.

தகப்பன் பெயரில்லை அது.
தன் பெயரின் முன்பாதி.
தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பையன்கள்
'சுடுகாடு வருது, வழி விடு' என்று கத்தியதில்
பத்தாம் வகுப்பில் அவனே வெட்டிப்போட்டது.
பெல்ட் கம்பெனியிலும் பாங்கிலும்
கல்யாணப் பத்திரிகையிலும்கூட
ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கிக் கிடந்தது.
சுடலை என்றேன்.
அவருக்கு அது வெறும் ஒலி.
ஸ்பெல்லிங் கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு,
ஒவ்வோர் எழுத்தாய் இறக்கினார்
எங்கள் சாமியின் பெயரை
அந்தச் சாமி குடியிருக்கிற இடத்திலேயே.
குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு.

ஊரிலிருந்து சித்தப்பா மகன் போன்:
நீர்மாலை எடுக்காமல் தூக்கிராதீங்க.
எந்த ஆற்றுக்குப் போக?
இங்கே தண்ணீர் ஐந்தரைக்கு வரும்,
ஆறேகாலுக்குக் குழாய் இருமும், நின்றுவிடும்.
மகனோ பத்து மணிக்கு.
யோசித்துக்கொண்டே குளியலறைக்குப் போனேன்.
நீல டிரம்
கழுத்துவரை நிறைந்திருந்தது.
மேலே தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த மக்.
நேற்று விடியலில் பிடித்தது.
'நாளைக்கும் சேர்த்துப் பிடிச்சாச்சு'
என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தானே.

மகன் அதில்தான் குடத்தை முக்கினான்.
நாலு பேர் வேட்டியை விதானமாய்ப் பிடிக்க
வராந்தாவில் லிஃப்ட் வரை நடந்து திரும்பினோம்.
சங்கு ஊத ஆளில்லை.
யாரோ போனில் தேடிப் போட்டார்கள்,
முதலில் குக்கர் விளம்பரம் வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அண்ணன் சிரித்திருப்பான்.
அவன் பிடித்த தண்ணீரையே அவன் தலையில் ஊற்றினோம்.
மிச்சம் அரை டிரம்.

பெட்டி ஏறிய படியிலேயே இறக்கலாம் என்றார்கள்.
திருப்பத்துக்குத் திருப்பம் சைக்கிள், உடைந்த பீரோ,
ஒவ்வொன்றிலும் அவன் தலை இடிக்கும்.
வேண்டாம் என்றேன்.
பலகையோடு சேர்த்துக் கட்டி
லிஃப்டுக்குள் நிமிர்த்தி வைத்தார்கள்.
ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் நான்,
நடுவில் அண்ணன்,
எங்கள் இரண்டு பேரையும்விட உயரமாய்,
கதவைப் பார்த்தபடி,
வேலைக்குக் கிளம்பியவன் போல.

மூன்றாவது மாடியில் யாரோ பட்டனை அழுத்தியிருந்தார்கள்.
கதவு திறந்தது.
கிரிக்கெட் மட்டையோடு ஒரு பையன்.
ஒரு கால் உள்ளே வைத்துவிட்டான்.
அண்ணனைப் பார்த்தான்.
மெதுவாய்க் காலை எடுத்து
மட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்,
'நீங்க போங்க மாமா' என்றான்,
'நான் அடுத்ததுல வர்றேன்.'