ஃப்ரீசரைக் காலி செய்தபோது

நீங்கள் போன ஒன்பதாம் நாள்
நிலவறைக்கு இறங்கி
உங்கள் ஃப்ரீசரைத் திறந்தேன், ஒட்டீலியா.
அத்தை என்று கூப்பிட்டதில்லை உங்களை.
முதல் பதினொரு மாதம் கூப்பிடவே இல்லை,
நான் உங்களையோ, நீங்கள் என்னையோ.

லூத்தரன் கோவிலில்தான் உங்கள் மகனை மணந்தேன்.
வந்திருந்தீர்கள். கடைசி வரிசையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.
கேக்கைத் தொடவில்லை.
மாடு கறக்க நேரமாயிற்று என்று எழுந்தீர்கள்.
மணி அப்போது இரண்டு.

மேலே ருபார்ப், நடுவில் பீன்ஸ்,
வெள்ளை நாடா ஒட்டிய பைகள்.
பென்சிலில் மாதம், ஆண்டு,
அதன் கீழே இன்னொரு வரி.
மக்காச்சோளம், ஆகஸ்ட்: ஃப்ளோரியனின் முழங்கால்.
பீன்ஸ், ஜூலை: வங்கிக்காரன்.
பட்டாணி, ஜூன்: ட்ரூடி, டிரைவிங் தேர்வு, மூன்றாம் முறை.
ருபார்ப், மே: மழை. (அடித்துவிட்டு) மழை நிற்க.

நறுக்கும்போது யாருக்காக வேண்டினீர்களோ
அதைக் குறித்துவைத்திருக்கிறீர்கள்,
பற்று வரவு எழுதும் கணக்குப்பிள்ளைபோல.
மறந்துவிடுவார் என்று பயந்தது
அவரையா, உங்களையா?

அடக்கப் பூசையில் சாமியார் சொன்னார்,
எளிய விசுவாசி என்று.
விதைக் கம்பெனித் தொப்பிகளை மடியில் வைத்து
பாதி வெளுத்த நெற்றிகளோடு
ஆண்கள் தலையாட்டினார்கள்.
எளியவரா நீங்கள்?
வெர்னா பை செய்முறை கேட்டபோது
பன்றிக்கொழுப்பில் ஒரு கரண்டி குறைத்துச் சொன்னவர்.
அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீர்களா
என்று கேட்க நினைத்து
நாற்பது வருடம் கேட்காமல் இருந்தேன்.

எழுபத்தொன்பது, பிப்ரவரி.
ஆண்கள் ஊருக்குள் பனியில் மாட்டிக்கொண்டார்கள்.
தொழுவத்தில் தலையீற்றுக் கிடாரி,
வயிற்றுக்குள் கன்று புரண்டு கிடந்தது.
தோள்வரை கையை விட்டபடி நீங்கள்,
கயிற்றின் நுனியில் நான்.
இழு, என்றீர்கள்.
என்னிடம் நீங்கள் பேசிய முதல் சொல்.

பிறகு அருள்நிறைந்த மரியே தொடங்கினீர்கள்.
முக்கலுக்கு ஒன்று.
செபமாலை வீட்டில் இருந்தது,
மாட்டின் வலியே மணி.
பாதி சொல்லி நிறுத்தினீர்கள்,
மறுபாதி நான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.
எனக்குத் தெரியாது.
காத்திருந்தீர்கள். மாடும் காத்திருந்தது.
தகரக் கூரையில் பனி மணல்போல் உரசியது.
ஆமென், என்றேன்.
நல்லது என்றோ போதாது என்றோ சொல்லாமல்
அடுத்த மணிக்குப் போனீர்கள்.

கன்று செத்தே பிறந்தது.
தாய் பிழைத்தது.
வைக்கோலில் கையைத் துடைத்துக்கொண்டு
முட்டை ஒன்றா இரண்டா என்று கேட்டீர்கள்.
வெள்ளிக்கிழமை.
சட்டத்தை ரோமாபுரியே தளர்த்திவிட்ட பிறகும்
உங்கள் அடுப்பில் அன்று இறைச்சி இல்லை.
இரண்டு, என்றேன்.

பைகளையெல்லாம் எடுத்தாகிவிட்டது.
மழையை வெர்னாவுக்குக் கொடுத்தேன்.
வங்கிக்காரனை இன்றிரவு வெண்ணெயில் வதக்கலாம்.
அடியில், பனி ஓடு கட்டிய மூலையில்
ஒரு ஜாம் புட்டி.
நகத்தால் சுரண்டினேன்.
சீம்பால். பிப்ரவரி, எழுபத்தொன்பது.
கீழே என் பெயர்,
எழுத்துப் பிழையோடு.

தாயில்லாக் கன்றுக்கென்று
சீம்பாலை உறையவைப்பது வழக்கம்தான்,
ஒரு வருடம் தாங்கும்.
பழையதைக் கொட்டிவிட்டுப் புதிது வைப்பீர்கள்,
நானே கொட்டியிருக்கிறேன் எத்தனையோ புட்டி.
இதை எந்தக் கன்றுக்கு வைத்தீர்கள்?
மாடுகளை விற்றே இருபது வருடமாயிற்று.

ஃப்ரீசரைத் தூக்கிப்போக
மாலை ஆள் வருவதாக இருந்தது.
வேண்டாம் என்று போன் செய்துவிட்டேன்.
ஏன் என்று கேட்டான்.
உள்ளே இன்னும் கொஞ்சம் பால் இருக்கிறது
என்றேன்.